மீன் தொட்டிச் செடி வாடினால்: எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது

தொட்டியில் ஒரு செடி மஞ்சளாகிறது, இலையில் ஓட்டை விழுகிறது, ஓரம் கண்ணாடி மாதிரி மெலிந்து கரைகிறது. பார்த்ததும் பலருக்குக் கை உர பாட்டிலுக்குத்தான் போகும். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கெட்டுப்போன இலை திரும்ப நல்ல இலை ஆகாது. விழுந்த ஓட்டை அடைபடாது, அழுகிய ஓரம் பச்சை பிடிக்காது. ஆகவே, செய்த வைத்தியம் பலிக்கிறதா என்று பழைய இலையில் தேடாதீர்கள். அடுத்து வரும் குருத்தில் பாருங்கள். குருத்து, கிழங்கு, வேர் இவை திடமாக இருந்தால் ஓர் இலைகூட மிஞ்சாத செடியையும் மீட்டுவிடலாம். இவை குழைந்துவிட்டால் மேலே எத்தனை பச்சை இலை நின்றாலும் பயனில்லை.

இரண்டாவது விஷயம், வரிசை. காரணத்தைக் கண்டு சரிசெய்வது முதல் வேலை, கத்தரிப்பது அடுத்த வேலை. காரணத்தை விட்டுவிட்டு இலையை மட்டும் வெட்டினால், புதிதாக வருவதும் அதே மாதிரி கெடும். செடியும் சேமித்து வைத்த கொஞ்சநஞ்ச சத்தையும் அதில் செலவழித்திருக்கும்.

முதலில், அது நீர்ச்செடிதானா?

கடையில் தண்ணீருக்குள் வைத்து விற்பதாலேயே ஒன்று நீர்ச்செடி ஆகிவிடாது. லக்கி பேம்பூ என்று விற்கும் டிரசீனா, புல் போன்ற மாண்டோ கிராஸ், பீஸ் லில்லி, சிங்கோனியம், ஊதா நிறத்தில் சுருக்கம் விழுந்த இலையுள்ள ஹெமிகிராஃபிஸ் இவையெல்லாம் ஈர மண்ணில் வளர்பவை. முழுக்க மூழ்கடித்தால் ஓரிரு மாதம் அப்படியே நிற்கும். புது இலை விடாது. பிறகு அடியிலிருந்து அழுகும். எந்த உரத்தாலும் இவற்றை நீருக்குள் வாழவைக்க முடியாது. எடுத்து, வேரை மட்டும் தண்ணீரில் விட்டு இலையைக் காற்றில் வைத்தால் பீஸ் லில்லியும் சிங்கோனியமும் நன்றாக வளரும். தொட்டியின் பின்புற ஓரத்தில் அப்படிச் செருகிவைத்தால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும்.

அடையாளம் காண எளிய வழி உண்டு. நீரிலிருந்து தூக்கினால் இலையும் தண்டும் துவண்டு தொங்குவது பெரும்பாலும் நீருக்குள் வளர்ந்தது. விறைப்பாக நிற்பது ஒன்று நிலச்செடி, அல்லது நீருக்கு மேலே வளர்க்கப்பட்ட நீர்ச்செடி. அனுபியாஸ் இதற்கு விதிவிலக்கு. அதன் இலை எப்போதுமே தோல் போல விறைப்பாகத்தான் இருக்கும்.

வாங்கி வந்த பத்தாம் நாள் கரைவது

செடிப் பண்ணைகளில் பெரும்பாலான நீர்ச்செடிகளை ஈரக் காற்றில், வேர் மட்டும் நனையும்படி வளர்க்கிறார்கள். வேகமாக வளரும், பாசி பிடிக்காது, நத்தை வராது. அப்படி வளர்ந்த இலை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு எடுத்துப் பழகியது. அதை மூழ்கடித்தால் அந்த இலையால் வாழ முடியாது. செடி அதைக் கைவிட்டு, நீருக்கு ஏற்ற மெல்லிய இலைகளை விடும். இந்த மாற்றத்துக்கு 2 முதல் 6 வாரம் ஆகும். இந்தக் காலத்தில் இலை கொட்டுவது நோயல்ல.

கிரிப்டோகோரைன் இதில் பேர்போனது. கடையில் அதிகம் கிடைக்கும் கிரிப்டோகோரைன் வெண்டி இலங்கைக்கே உரியது. ரெட்ரோஸ்பைராலிஸ் நம் ஊர் ஆறுகளிலும் உண்டு. இடம் மாற்றினாலோ தண்ணீர் திடீரென மாறினாலோ இரண்டே நாளில் எல்லா இலையும் கூழாகிவிடும். புதியவர்கள் செத்துவிட்டது என்று பிடுங்கி எறிவது இங்கேதான். பிடுங்காதீர்கள். செடியின் அடியை இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தால் உயிர் இருக்கிறது. கூழான இலைகளைச் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, வேரை அசைக்காமல் 3, 4 வாரம் விடுங்கள். குருத்து வரும். அந்த நாட்களில் வேறு இடத்துக்கு மாற்றி நட்டால் மறுபடி முதலிலிருந்து கரைய ஆரம்பிக்கும்.

எந்த இலை கெடுகிறது என்று பாருங்கள்

சத்துக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கச் சோதனைக் கருவியைவிட இலையின் வயது நல்ல சாட்சி. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் இவற்றைச் செடி பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் இவை குறைந்தால் கீழிலை முதலில் கெடும். இரும்பும் கால்சியமும் அப்படி நகராதவை. அவை குறைந்தால் குருத்துதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கீழிலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் பற்றாக்குறை. மீன் குறைவாக, செடி அதிகமாக உள்ள தொட்டியில் இது சகஜம். கீழிலையில் குண்டூசி குத்திய மாதிரி ஓட்டைகள், அவற்றைச் சுற்றி மஞ்சள் அல்லது கறுப்பு வளையம் என்றால் பொட்டாசியம். ஜாவா ஃபெர்னிலும் ஹைக்ரோஃபிலாவிலும் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளுத்தால், அது கீழிலையா குருத்தா என்று கவனியுங்கள்: கீழிலை என்றால் மெக்னீசியம், குருத்து என்றால் இரும்பு. குருத்து சிறுத்து, முறுக்கிக்கொண்டு, கொக்கி போல வளைந்து வந்தால் கால்சியத்தைச் சந்தேகிக்கலாம். வளர்ச்சி நின்று, பழைய இலையிலும் கண்ணாடியிலும் கெட்டியான பச்சைப் புள்ளிப் பாசி விடாமல் படிந்தால் பாஸ்பேட் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லா ஓட்டையும் குறைபாடு அல்ல. இலை ஓரம் அரைவட்டமாகக் கடிபட்டிருந்தால் மீன் வேலை. கோல்டு ஃபிஷ்ஷும் சில்வர் டாலரும் மென்மையான செடியை விட்டுவைக்காது. நத்தைமேல் பழி போடுவார்கள். தொட்டிகளில் தானாகப் பெருகும் சிறு நத்தைகள் அநேகமாக ஏற்கெனவே அழுகத் தொடங்கிய இலையைத்தான் தின்கின்றன. ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாக வரும் பழுப்புப் புடைப்புகள் வித்துப்பைகள். இலை நுனியில் முளைக்கும் குட்டிச் செடியும் இயல்பானதே. இவற்றை நோய் என்று வெட்டி எறிய வேண்டியதில்லை.

தண்ணீர், வெளிச்சம், சூடு

ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றும் வீடுகளில் கால்சியம், மெக்னீசியம் இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்யம். மீன் சமாளித்துக்கொண்டாலும் செடியின் குருத்து கருகிவிடும். மறுபக்கம், கடினமான போர் தண்ணீரில் பி.ஹெச். 8-ஐத் தொடும், இரும்புச்சத்து கரைந்த நிலையில் நிற்காது. இரண்டையும் பாதிப்பாதி கலப்பது மலிவான தீர்வு. டிடிஎஸ் மீட்டர் இருந்தால் 150 முதல் 300 வரை வருமாறு கலந்துகொள்ளுங்கள். மீட்டர் சொல்வது மொத்த உப்பைத்தான், எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஆனால் தொடங்குவதற்கு அது போதும். நீர் வற்றும்போது உப்பு வற்றுவதில்லை. அதனால் வற்றியதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீரும், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றக் கலவைத் தண்ணீரும் ஊற்றுவது சரி.

வெளிச்சம் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம். டைமர் போடுங்கள், நினைவு வரும்போது போட்டு அணைக்கும் விளக்கு செடியைவிடப் பாசிக்குத்தான் சாதகம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு லிட்டருக்கு 15 முதல் 25 லூமென் வெளிச்சம் போதும். செடி வாடுகிறதே என்று விளக்கை 12 மணி நேரம் எரியவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சத்தும் கார்பனும் போதாத செடிக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் அதன் பசி கூடுமே தவிர வளர்ச்சி கூடாது.

கோடையில் சென்னை, மதுரை வீடுகளில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏற நீரில் கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் கரைவது குறையும். செடி செலவழிக்கும் சக்தியோ கூடும். மூடியைத் திறந்து, ஒரு சிறு மேசை விசிறியை நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வீசவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா, ஹார்ன்வொர்ட் இந்தச் சூட்டைத் தாங்கும். மாஸ் என்று விற்கும் பாசம் வகைகள் பலவும் 30 டிகிரிக்கு மேல் பழுப்பாகிவிடும். மே மாதத்தில் பாசம் வாங்கி வளர்க்கத் தொடங்க வேண்டாம்.

கையில் என்ன வேண்டும்

நீளக் கைப்பிடியுள்ள கத்தரிக்கோல் ஒன்று, 25 செ.மீ. நீள நேரான இடுக்கி ஒன்று. சென்னையில் கொளத்தூர் பக்கம் கடைகளில் இரண்டும் கிடைக்கும். வளைந்த கத்தரிக்கோல் தரைச்செடி வெட்டும்போது கையை வலிக்காமல் காக்கும், கட்டாயமில்லை. கூர்மைதான் கட்டாயம். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும்; நசுங்கிய இடம் கறுத்து, அழுகல் கணு வரை இறங்கும். சில செடிகளின் தடித்த கிடைத்தண்டான ரைசோமை வெட்டப் புது சவர பிளேடு நல்லது. வேலைக்கு முன் கருவிகளைக் கொதிநீரிலோ ஸ்பிரிட்டிலோ துடைத்து அலசிக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளை வாளி, ஒரு மீன் வலை, வெட்டிய துண்டுகளைப் போட ஒரு தட்டு.

பில்டரை நிறுத்திவிட்டு வெட்டத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் துண்டுகள் பில்டர் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

தண்டுச் செடிகள்

ரொட்டாலா, லட்விஜியா, ஹைக்ரோஃபிலா, நீர்ப்பிரமி, கபோம்பா எல்லாம் இந்த வகை. தண்டில் கணுவும் கணுவில் இலையும் இருக்கும். மேல்நுனியை வெட்டினால் கீழே உள்ள கணுவிலிருந்து ஒன்றோ இரண்டோ கிளை வரும். புதர் அடர்வது இப்படித்தான்.

வெட்டும் இடம்: ஒரு கணுவுக்கு அரை செ.மீ. மேலே. இரண்டு கணுவுக்கு நட்டநடுவில் வெட்டினால் மிஞ்சும் குச்சி அழுகி, அந்த அழுகல் கணுவுக்கு இறங்கலாம். வெட்டி எடுத்த நுனி 10 முதல் 15 செ.மீ. இருக்கட்டும். அதன் கீழ் இரண்டு கணுக்களின் இலையை உருவிவிட்டு, அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி 3, 4 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். கணுவிலிருந்துதான் வேர் வரும். இடுக்கியால் தண்டின் அடிமுனையைப் பிடித்துச் சாய்வாகச் செருகி, இடுக்கியைத் தளர்த்தி, லேசாக ஆட்டியபடி வெளியே எடுத்தால் செடி கூடவே வராது. நேராகக் குத்தி நேராக எடுத்தால் பத்தில் ஐந்து மிதந்துவிடும்.

கடைக்காரர் ஈயப் பட்டையோ ரப்பரோ சுற்றிக் கொடுத்த கட்டை அப்படியே நடுவது பெரிய தவறு. நடுவில் உள்ள தண்டுகளுக்கு வெளிச்சமும் நீரோட்டமும் கிடைக்காமல் அடியிலேயே கறுத்துவிடும். பட்டையை அவிழ்த்து, நசுங்கிய அடிப்பகுதியை வெட்டிவிட்டு, ஒவ்வொரு தண்டையும் 2 செ.மீ. இடைவெளியில் தனித்தனியாக நடுங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

இனி வாடிய செடிக்கு வருவோம். தண்டின் அடி மொட்டையாக, பழுப்பாக, மேலே மட்டும் பச்சையாக இருந்தால் அடியைக் காப்பாற்ற முயலாதீர்கள். நுனியை வெட்டி நட்டுவிட்டு, அடியை வேரோடு பிடுங்கி எறியுங்கள். அடி பச்சையாக, திடமாக இருந்து நுனி மட்டும் சுருங்கியிருந்தால் இதற்கு நேரெதிர்: சுருங்கிய நுனிக்குக் கீழே, நல்ல கணுவுக்கு மேலே வெட்டி நுனியை எறியுங்கள், 7 முதல் 14 நாளில் பக்கக் கிளை வரும். சுருங்கிய நுனி தானாக விரிந்து தொடர்வது அபூர்வம்.

ரைசோம் உள்ளவை: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெபலாண்ட்ரா

இவற்றின் ரைசோம் என்பது கிடையாகப் படரும் தடித்த தண்டு. அதை மண்ணில் புதைத்தால் அழுகும். வேரை மட்டும் புதைக்கலாம்; இல்லையென்றால் கல்லிலோ மரத்துண்டிலோ பருத்தி நூலால் கட்டலாம். பசையால் ஒட்டுவதானால் சயனோஅக்ரிலேட் ஜெல் வகை பயன்படும். ரைசோமின் அடியில் இரண்டு இடத்தில் கடுகளவு போதும். முழுக்கப் பூசினால் வேர் விட இடம் இருக்காது.

வாடிய அனுபியாஸை வெளியே எடுத்து ரைசோமை நுனியிலிருந்து நுனிவரை விரலால் அழுத்திப் பாருங்கள். இஞ்சித் துண்டு மாதிரி கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று அமுங்கி, மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்து, முகர்ந்தால் நாற்றம் அடித்தால் அழுகல். அது பரவும். பிளேடால் அழுகிய பகுதியை வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் அரை செ.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். முகம் முழுக்க வெளிர்பச்சையாகவோ பாலாடை நிறமாகவோ வரும்வரை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடையுங்கள். பத்து இலை இருந்த செடியில் மூன்று இலையும் 3 செ.மீ. ரைசோமும் மிஞ்சினாலும் பரவாயில்லை.

மிஞ்சியதை மண் இல்லாத வாளியிலோ தொட்டியின் மேற்பரப்பிலோ மிதக்கவிடுங்கள். வெட்டு ஆறியிருப்பது இரண்டு வாரத்தில் தெரியும். அதன்பின் கட்டலாம். அனுபியாஸ் நானா மாதம் ஓர் இலை விட்டாலே நல்ல வளர்ச்சி என்று கொள்ளுங்கள். அவசரப்பட்டு உரத்தை இரட்டிப்பாக்கினால் இலைமேல் பாசிதான் வரும்.

ஜாவா ஃபெர்னில் கறுத்த இலைகளை அடியோடு வெட்டலாம். ஆனால் கறுத்த இலையின் நுனியில் குட்டிச் செடி இருந்தால், குட்டிக்கு 3 இலையும் 2 செ.மீ. வேரும் வரும்வரை தாயிலையை விட்டுவையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் காசில்லாமல் புதுச் செடி கிடைக்கும்.

கொத்தாக வளர்பவை

அமேசான் ஸ்வோர்ட், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா இவற்றில் எல்லா இலையும் ஒரே மையத்திலிருந்து கிளம்பும். புது இலை நடுவில், பழையது வெளிவட்டத்தில். ஆகவே வெட்டுவது எப்போதும் வெளியிலிருந்து உள்ளே. இலையைப் பாதியில் வெட்டாதீர்கள். காம்பின் அடிவரை கத்தரிக்கோலைக் கொண்டுபோய், மையத்தைத் தொடாமல் வெட்டுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுக்க வேண்டாம். முழுக்க அழுகியதற்கு இந்தக் கணக்கு இல்லை. அது எவ்வளவு இருந்தாலும் போகட்டும். பாதி மஞ்சள் பாதி பச்சையான இலையிலிருந்து செடி இன்னும் சத்தை உருவிக்கொண்டிருக்கலாம். குருத்து வரும்வரை அதை விட்டுவைப்பதே நல்லது.

நடும்போது மையம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். சற்று ஆழமாக நட்டுவிட்டு, வெண்மையான கழுத்துப் பகுதி தெரியும்வரை மெல்ல மேலே இழுப்பது நல்ல வழக்கம். வேரை 4, 5 செ.மீ. அளவுக்குக் கத்தரித்து நட்டால் மடங்காமல் இறங்கும்; நீளமான பழைய வேர்களில் பலவும் எப்படியும் அழுகிப் புது வேர்தான் வரும்.

அமேசான் ஸ்வோர்ட் வேர் வழியாக ஏராளமாகச் சாப்பிடும். வெறும் கூழாங்கல்லில் நட்டால் ஓரிரு மாதத்தில் வெளிறிவிடும். செடியிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தரையின் அடிவரை இறங்குமாறு ஒரு ரூட் டேப் (வேருக்கான உர மாத்திரை) வையுங்கள். 2, 3 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மேலோட்டமாக வைத்தால் மாத்திரை கரைந்து நீரில் அம்மோனியா ஏறலாம்.

வாலிஸ்நேரியா ஓடுகொடி விட்டுப் பரவும். குட்டிக்கு நான்கு இலையும் சொந்த வேரும் வந்த பிறகே கொடியை வெட்டுங்கள். நீர்மட்டத்தைத் தாண்டிச் சுருண்டு கிடக்கும் இலையை நுனியில் வெட்டினால் வெட்டிய இடம் பழுப்பாகும். மழுங்கிய கத்தியால் வெட்டினால் அது இன்னும் மோசம். லிக்விட் கார்பன் என்று விற்கும் குளுட்டரால்டிஹைடு திரவத்தில் வாலிஸ்நேரியா கரைந்துவிடும். அந்தச் செடி உள்ள தொட்டியில் அதை ஊற்றாதீர்கள்.

அபோனோஜெட்டான், அதாவது நம் குளத்துக் கொட்டியின் இனம், சில மாதம் தளதளவென வளர்ந்துவிட்டு இலை முழுவதையும் உதிர்க்கும். கிழங்கு கெட்டியாக இருந்தால் ஓய்வெடுக்கிறது என்று பொருள். இலையை வெட்டிவிட்டுக் கிழங்கை அப்படியே விடுங்கள். 2, 3 மாதத்தில் மறுபடி துளிர்க்கலாம். கிழங்கை நடும்போது மேல்பாதி வெளியே தெரியட்டும்.

பாசி படிந்த இலை

மெதுவாக வளரும் இலைகளில் கறுப்புத் தாடிப் பாசி பிடித்தால் தேய்த்துப் போகாது. பாதிக்கு மேல் மூடிய இலையை வெட்டுவதுதான் உத்தமம். குறைவாக இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். இங்கே ஒரு கவனம். இணையத்தில் சொல்லப்படும் அளவுகள் பெரும்பாலும் 3% திரவத்துக்கானவை. நம் மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6%, பாட்டிலில் 20 வால்யூம் என்றும் போட்டிருக்கும். சம அளவு தண்ணீர் கலந்து 3% ஆக்கிக்கொள்ளுங்கள். பில்டரை நிறுத்தி, ஊசியில்லா சிரிஞ்சால் பாசிமேல் மெதுவாகப் பீய்ச்சுங்கள். மொத்த அளவு 100 லிட்டர் நீருக்கு 25 மி.லி.யைத் தாண்டக் கூடாது. 10 நிமிடம் கழித்து பில்டரைப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் பாசி இளஞ்சிவப்பாகி வெளுத்தால் செத்தது. பாசத்தின் மேலும் வாலிஸ்நேரியாவின் மேலும் பீய்ச்ச வேண்டாம்.

அனுபியாஸ் போன்ற முரட்டு இலைச் செடியை வெளியே எடுக்க முடிந்தால், 4 அல்லது 5% பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் 20 பங்கு கலந்த கரைசலில் 2 நிமிடம் முக்கலாம். வாசனையோ சோப்போ சேர்க்காத பிளீச்சாக இருக்கட்டும். தண்டுச் செடிக்கு 1 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு ஓடும் நீரில் அலசி, ஆன்டி குளோரின் இரட்டிப்பாகப் போட்ட வாளியில் 10 நிமிடம் வைத்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் விடுங்கள்.

உரம்: எவ்வளவு, எப்படி

முதலில் தொட்டியின் நீர் அளவு. நீளம், அகலம், நீர் உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். இரண்டடிக்கு ஓரடி தொட்டி, கல்லும் மண்ணும் போக ஏறக்குறைய 45 லிட்டர்.

மீன் கடை உரம் வாங்க வசதியில்லை என்றால் விவசாய உரக் கடைக்குப் போகலாம். 13:0:45 என்பது பொட்டாசியம் நைட்ரேட், 0:52:34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். முதலாவதில் 40 கிராம், இரண்டாவதில் 4 கிராம் எடுத்து 500 மி.லி. ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வையுங்கள். 100 லிட்டருக்கு 20 மி.லி. ஊற்றினால் நைட்ரேட் சுமார் 10 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.), பாஸ்பேட் சுமார் 1 பிபிஎம் ஏறும். பொட்டாசியமும் 6 பிபிஎம் கூடவே வரும். வாரம் ஒருமுறை, தண்ணீர் மாற்றிய பிறகு. 45 லிட்டர் தொட்டிக்கு 9 மி.லி. மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் நைட்ரேட் ஏற்கெனவே 20-க்கு மேல் இருக்கும்; அங்கே இந்தக் கரைசல் தேவையில்லை, பொட்டாசியம் சல்பேட் மட்டும் 100 லிட்டருக்கு 2 கிராம் போதும். மெக்னீசியத்துக்கு எப்சம் உப்பு, 100 லிட்டருக்கு 5 கிராம்.

இரும்பு வேறு பாட்டிலில். பாஸ்பேட்டோடு கலந்தால் அடியில் படிந்து வீணாகும். 12% இரும்பு ஈடிடிஏ (இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் உர வகை) 4 கிராம், 500 மி.லி. ஆர்ஓ தண்ணீரில், 100 லிட்டருக்கு 10 மி.லி. ஊற்றினால் 0.1 பிபிஎம். வாரம் இரண்டு முறை, மற்ற உரம் போடாத நாளில். நீரின் பி.ஹெச். 7-க்கு மேல் என்றால் டிடிபிஏ வகை இரும்பு கூடுதல் நேரம் தாங்கும்.

உரக் கடையில் 19:19:19 பாக்கெட்டைக் கொடுத்து எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். வாங்காதீர்கள். அதில் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியமாகவும் இருக்கிறது. வயலுக்கு நல்லது, தொட்டியில் அம்மோனியாவாகி மீனைக் கொல்லும்.

வெட்டிய அன்றும் அதற்குப் பிறகும்

மிதக்கும் துண்டுகளை வலையால் அள்ளி, அடியில் உள்ளதைச் சைஃபனால் உறிஞ்சி, 30 முதல் 50% தண்ணீர் மாற்றுங்கள். வெட்டுமுகங்களிலிருந்து கசியும் சாறும் விட்டுப்போன துண்டுகளும் பாசிக்கு விருந்து. தொட்டியில் உள்ள மொத்தச் செடியில் பாதிக்கு மேல் ஒரே நாளில் எடுக்க வேண்டியிருந்தால் இரண்டு வாரமாகப் பிரித்துச் செய்யுங்கள். அத்தனை செடியும் உறிஞ்சிக்கொண்டிருந்த அம்மோனியாவும் நைட்ரேட்டும் சட்டென உபரியாகும். வெட்டிய முதல் வாரம் விளக்கை 6 மணி நேரமாகக் குறையுங்கள். மீனுக்கு இரை பாதி. குருத்து தெரிந்த பிறகு வாரம் அரை மணி வீதம் கூட்டலாம்.

வெட்டிய துண்டுகளை ஏரி, வாய்க்கால், சாக்கடை எதிலும் போடாதீர்கள். 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளபாண்டியில் இளஞ்சிவப்பாகப் பூத்து ஆயிரக்கணக்கானோர் படம் எடுக்கப் போன செடி, தென்னமெரிக்கப் பூர்வீகமுள்ள கபோம்பா. மீன் தொட்டிக்காகப் பரவிய இனம். விரல் நீளத் தண்டு ஒன்று போதும், அது குளத்தைப் பிடிக்க. மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

ஒரே செடியை வாரம் ஒருமுறை அதே கோணத்தில் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கண் ஏமாறும், படம் ஏமாற்றாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, தண்டுச் செடிக்கு இரண்டு வாரமும் மற்றவற்றுக்கு நான்கு வாரமும் பொறுங்கள். விளக்கு, உரம், தண்ணீர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

எதை எறிந்துவிடலாம்

முழுக்கக் குழைந்த ரைசோம், அமுக்கினால் வெள்ளையாகப் பிதுங்கி நாறும் கிழங்கு, இழுத்ததும் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்து வேர் கறுத்து உரியும் ஸ்வோர்ட், பச்சைக் கணு ஒன்றுகூட இல்லாத தண்டு: இவற்றை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தொட்டிக்குள் அழுகவிட்டால் ஆக்சிஜனைக் குடித்து அம்மோனியாவை விடும். இடத்தைக் காலியாக விட வேண்டாம். ஒரு பிடி ஹார்ன்வொர்ட்டோ ஹைக்ரோஃபிலாவோ போட்டு, அது இரண்டு மூன்று வாரம் நன்றாக வளர்கிறதா என்று பாருங்கள். அதுவே வளராத தண்ணீரில் விலை கொடுத்து வாங்கும் சிவப்புச் செடி எதுவும் வளராது.